கிளே சுட முதல் பம்ப் ஷாட்கன்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கிளே, அதாவது பறக்கவிடும் தட்டுகளைச் சுடப் பழக வேண்டும், கையில் பணம் அதிகமில்லை என்றால் பம்ப் ஷாட்கன் (முன்பிடியைக் கையால் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) நல்ல தேர்வுதான். ஆனால் கடையில் பம்ப் என்று வரிசையாக நிற்பவற்றில் பல கிளேவுக்கு ஆகாதவை. 18.5 அங்குலக் குழல், கறுப்புப் பூச்சு, டார்ச் மாட்ட ஒரு தண்டவாளம் என்று காவலுக்காகச் செய்த துப்பாக்கிகள் அவை. பறக்கும் தட்டைத் தொடர்ந்து வீசும்போது அந்தக் குட்டைக் குழல் சட்டென்று நின்றுவிடும். பெரும்பாலும் சோக் (குண்டு சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்) மாற்றவும் வழி இருக்காது. விலையைப் பார்த்து அதை எடுத்தால் பின்னால் நீளக் குழலைத் தனியாக வாங்க வேண்டிவரும். மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும்.

முதலில் எந்த ஆட்டம் என்று முடிவு செய்யுங்கள். ட்ராப்பில் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள், ஒவ்வொன்றாக உங்களைவிட்டு விலகிப் பறக்கும். அதற்கு பம்ப் தாராளமாகப் போதும். அமெரிக்க ஸ்கீட்டில் 1, 2, 6, 7 ஆகிய நான்கு நிலைகளில் இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் பறக்கும். நடுவில் ஒரு முறை பம்ப் இழுத்தாக வேண்டும், பழகினால் முடியும். ஸ்போர்ட்டிங் கிளேயில் பெரும்பாலும் எல்லாமே ஜோடிதான். அங்கே பம்ப்காரர் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே இருப்பார். ஒலிம்பிக் வகை ட்ராப், ஸ்கீட் போட்டிகளே குறி என்றால் பம்ப் வாங்க வேண்டாம்: சர்வதேசத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் விதிகள் அரைத் தானியங்கித் துப்பாக்கியை அனுமதிக்கின்றன, பம்ப்பை அனுமதிப்பதில்லை. அந்தப் பணத்தை மேலும் கீழுமாக இரட்டைக் குழல் உள்ள துப்பாக்கிக்கு ஒதுக்கிவையுங்கள். பம்ப் வகைக்கென்று தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. உரிமம் கையில் வரும் முன் முன்பணம் கட்டாதீர்கள்.

அளவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை: 12 கேஜ் (கேஜ் குழலின் அளவு; எண் சிறிதானால் குழல் பெரிது). தோட்டா எங்கும் கிடைக்கும், மலிவும் அதுதான். "உதை பயமாக இருக்கிறது, 20 கேஜ் வாங்கட்டுமா" என்று பலர் கேட்பார்கள். 20 கேஜ் துப்பாக்கி எடை குறைவு. எடை குறைந்தால் உதை கூடும். அதனால் எதிர்பார்த்த அளவுக்கு மென்மை கிடைக்காது. 12 கேஜில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். சுமார் 3.2 கிலோ துப்பாக்கியில் 32 கிராம் ஈயம் உள்ள தோட்டாவுக்குப் பதில் 24 கிராம் தோட்டா போட்டால் உதையின் ஆற்றல் கால் பங்குக்கு மேல் குறையும். ஒலிம்பிக் போட்டியில் எல்லோரும் சுடுவது அதே 24 கிராம்தான். எனவே அது பிள்ளைகளுக்கான சரக்கு என்று யாராவது சிரித்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 28 கிராம் நடுவாந்தரம். ஈயக் குண்டு 7½ அல்லது 8 எண் (எண் சிறிதானால் குண்டு பெரிது). அதைவிடப் பெரிய குண்டைப் பல சுடுதளங்கள் உள்ளேயே விடாது. துப்பாக்கியில் 3 அங்குலச் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) என்று எழுதியிருந்தாலும் போட வேண்டியது 2¾ அங்குலத் தோட்டா. 3 அங்குலத் தோட்டா வேட்டைக்கானது. ஒரு சுற்று சுட்டு முடிப்பதற்குள் தோள் கன்றிப்போகும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. வீட்டில் இரண்டு கேஜும் இருந்தால் ஒரே பையில் கலந்து வைக்காதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பரில் நழுவி உள்ளே போய்க் குழலில் அடைத்துக்கொள்ளும். சேம்பர் காலியாகத்தான் தெரியும். பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் என்று வழக்கம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

குழல் 28 அங்குலம், மேலே காற்றோட்டத் துளைகள் கொண்ட ரிப் என்ற பட்டை, குழல் வாயில் திருகி மாற்றும் சோக். இந்த மூன்றும் இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம். உயரம் குறைந்தவர்களுக்கு 26 அங்குலமும் சரிதான். சோக்கில் இரண்டு போதும். 20 கெஜ தூரத்தில் உடையும் ஸ்கீட் தட்டுக்குத் தளர்வான இம்ப்ரூவ்ட் சிலிண்டர். 16 கெஜக் கோட்டில் நின்று சுடும் ட்ராப்புக்கு மாடிஃபைட். ட்ராப்பில் தட்டு உடையும்போது 30 கெஜத்தைத் தாண்டியிருக்கும், ஆகவே கொஞ்சம் இறுக்கம் வேண்டும். அதைவிட இறுக்கமான ஃபுல் சோக்கைப் புதியவர் தொடவே வேண்டாம்: நடுவில் பட்டால் தட்டு புகையாகிவிடும், பார்க்க அழகுதான், ஆனால் குண்டுக் கூட்டம் சிறியதாக இருப்பதால் சின்னப் பிசகுக்கும் தட்டு முழுசாகப் பறந்துபோகும். சோக் வாங்கும்போது மரையைப் பாருங்கள். மாஸ்பெர்க்கின் அக்யூ-சோக், வின்செஸ்டரின் பழைய வின்சோக், பிரவுனிங்கின் சாதா இன்வெக்டர் மூன்றுக்கும் ஒரே மரை. ரெமிங்டனுடையது வேறு.

துப்பாக்கிகளுக்கு வருவோம். புதிதாக, மலிவாக என்றால் என் முதல் பரிந்துரை மேவரிக் 88. மாஸ்பெர்க் நிறுவனமே செய்வது. 1960-களின் தொடக்கத்திலிருந்து வரும் மாஸ்பெர்க் 500-இன் தம்பி. அலுமினிய ரிசீவர் (பொறி இருக்கும் நடுப்பகுதி), முன்பிடியோடு வரும் இரட்டைக் கம்பிகள், இரட்டை எக்ஸ்ட்ராக்டர் (காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கி) எல்லாம் அண்ணனிடம் இருப்பதேதான். குறைத்தது எங்கே என்றால், பூச்சு சுமார், பெட்டியில் மாடிஃபைட் சோக் ஒன்று மட்டும், சேஃப்டி விசைக்கு முன்னால் குறுக்கே தள்ளும் பொத்தான். 500-இல் சேஃப்டி ரிசீவரின் முதுகில், கட்டைவிரலுக்கு நேரே இருக்கும். இடக்கைக்காரருக்கு இது பெரிய வசதி; அவர்கள் கூடுதல் பணம் கொடுத்து 500-ஐ வாங்குவது நியாயம். வலக்கைக்காரருக்கு அந்த வித்தியாசத் தொகை தோட்டாவுக்குப் போகட்டும்.

ரெமிங்டன் 870, 1950-இல் வந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்றது. எஃகு ரிசீவர் என்பதால் கொஞ்சம் கனம், அந்தக் கனம் உதையைத் தின்னும். பழைய துப்பாக்கிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். அதில் விங்மாஸ்டர் என்ற வகை நல்ல நிலையில் கிடைத்தால் புதிய மலிவு பம்ப் எதைவிடவும் வழுவழுப்பாக ஓடும். ஒன்றை மட்டும் பாருங்கள்: பழைய குழல்களில் சோக் நிலையானது, பெரும்பாலும் மாடிஃபைட் அல்லது ஃபுல். எஃகுக் குண்டு மட்டுமே அனுமதிக்கும் சுடுதளத்தில் பழைய ஃபுல் சோக் குழலைப் பயன்படுத்தக் கூடாது.

எது வாங்கினாலும் உடம்புக்குப் பொருந்த வேண்டும்; விலைச்சீட்டு அடுத்த விஷயம். ஷாட்கனில் பின்காட்சி கிடையாது, உங்கள் கண்தான் பின்காட்சி. எனவே கன்னம் கட்டையில் எங்கே உட்காருகிறதோ அதைப் பொறுத்துக் குண்டு போகும். கடையில் சோதிக்கும் முறை இது. துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆளில்லாத திசையில், கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். கண்ணைத் திறந்தால் ரிப் நேர்கோடாகவும் குழல் முனையில் உள்ள குறிமணி நடுவிலும் தெரிய வேண்டும். ரிசீவரின் முதுகு மட்டும் தெரிந்தால் கண் தாழ்ந்திருக்கிறது. குண்டு கீழே போகும். ரிப் அகலமாக விரிந்து தெரிந்தால் கண் உயரத்தில் இருக்கிறது. குண்டு மேலே போகும். கட்டை நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: தோளில் வைத்த நிலையில் விசைக் கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி. குறைந்தால் உதையில் கட்டைவிரல் மூக்கில் குத்தும். கூடினால் அடிக்கட்டை அக்குளில், சட்டையில் மாட்டும்.

பம்ப்புக்கென்று இன்னொரு சோதனை இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. முன்பிடி முழுக்க முன்னால் போன நிலையிலும் முன்கை முழங்கை சற்று மடங்கியே இருக்க வேண்டும். கை விறைத்து நீண்டுவிட்டால் தள்ளல் அரைகுறையாகும். இப்படி ஆனால் கட்டை குட்டையான வகையைக் கேளுங்கள். நீளத்தைக் கூட்டுவது எளிது, மேலே மாட்டும் ரப்பர் பேட் ஏறக்குறைய ஓர் அங்குலம் தரும். குறைக்கத்தான் ரம்பம் வேண்டும்.

எந்தக் கண் ஆளும் கண் (குறி பார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண்) என்றும் பார்த்துவிடுங்கள். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருந்தால், எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் குண்டு இடப்பக்கமே போகும். இடத்தோளில் சுடப் பழகலாம். அல்லது கண்ணாடியில் இடக்கண் முன் ஒரு சின்ன டேப் ஒட்டலாம்.

பழையது வாங்குவோர் கவனிக்க. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே வளையம் போல் கறுத்த நிழல் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது, விட்டுவிடுங்கள். சோக்கைத் திருகிக் கழற்றச் சொல்லுங்கள். துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் அதை எடுக்கும் செலவு உங்கள் தலையில். விசைப் பொறியை ஏற்றிய நிலையில், விடுவிப்புப் பொத்தானைத் தொடாமல் முன்பிடியை இழுங்கள்: அசைந்து திறந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது. சேஃப்டி போட்டு விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்கக் கூடாது. மரக்கட்டை ரிசீவரோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். நாலைந்து டம்மி (வெடிக்காத) தோட்டாக்களை மேகசினில் (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் நிற்கும் குழாய்) போட்டு வேகமாக ஒரு முறை, மெதுவாக ஒரு முறை ஓட்டுங்கள். முன்பிடி கடகடவென்று ஆடுவது பம்ப்பின் பிறவிக் குணம், அது குறையல்ல.

புதியது என்றால் முதல் வேலை, ஆலையில் பூசிய கெட்டிக் கிரீஸைத் துடைத்தெடுப்பது. அதோடு சுட்டால் தூசியும் புகைக்கரியும் ஒட்டிச் சேறாகும். 870-இல் மேகசின் மூடி, மேவரிக் 88-இலும் 500-இலும் மேகசின் முனையில் உள்ள குழல் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முன் பாருங்கள். குழலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

சுடும்போது வரும் தொல்லையில் முக்கால்வாசி அரை இழுப்பால் வருவது. முன்பிடியை முழுக்கப் பின்னால் கொண்டுவராமல் திருப்பித் தள்ளினால், காலித் தோட்டா ரிசீவரின் வாயில் சிக்கும். அல்லது அது வெளியேறியும் அடுத்த தோட்டா மேலே வராது, விசையை அழுத்தினால் வெறும் கிளிக். முழுக்க முன்னால் தள்ளாவிட்டால் போல்ட் (சேம்பரை மூடும் பாகம்) பூட்டாது, விசை செத்துக் கிடக்கும். துப்பாக்கியைக் குறை சொல்லும் முன் இழுப்பைப் பாருங்கள். சுட்ட உதை தோளுக்கு வரும்போதே கை பின்னால் இழுக்கத் தொடங்க வேண்டும், துப்பாக்கி கன்னத்தைவிட்டு இறங்கக் கூடாது. இதைத் தோட்டா செலவில்லாமல் டம்மி தோட்டாவோடு வீட்டிலேயே பழகலாம். மென்மையாக இழுப்பது துப்பாக்கிக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். பம்ப் அதட்டினால்தான் வேலை செய்யும்.

இழுப்பு சரியாக இருந்தும் காலித் தோட்டா சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டால், மலிவுத் தோட்டாவின் எஃகு அடிப்பாகம் விரிந்து சொரசொரப்பான சேம்பரில் பிடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். பித்தளை அடி உள்ள தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். அது சரியாக வந்தால் சேம்பரை கரைப்பானும் பிரஷும் கொண்டு தேயுங்கள். போதவில்லை என்றால் 0000 எண் ஸ்டீல் உல்லைக் கம்பியில் சுற்றிக் கையால் மெருகேற்றலாம். மணல்தாள் வேண்டாம்.

ட்ராப் வரிசையில் வலப்பக்கம் நிற்பவர் மேல் சூடான காலித் தோட்டா விழுந்தால் அவர் கோபப்படுவது நியாயம். ஒற்றைத் தட்டுதானே, அவசரமில்லை. குழலை முன்னோக்கியே வைத்து, மெதுவாகப் பின்னிழுத்து, தோட்டாவைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தானியங்கிக்காரரால் முடியாதது இது. நடக்கும்போது பம்ப் எப்போதும் பின்னால் இழுத்துத் திறந்தே இருக்கட்டும். மடக்கித் திறக்கும் துப்பாக்கி திறந்திருப்பது தூரத்திலிருந்தே தெரியும், பம்ப் தெரியாது. சேம்பரில் ஒரு வண்ணக் கொடியைச் செருகிவிடுங்கள்.

அன்றைய சுற்று முடிந்ததும் குழலைத் துடைப்பதோடு சோக்கையும் கழற்றி மரையைத் துடைத்து, கடுகளவு கிரீஸ் தடவித் திரும்ப இறுக்குங்கள். சோக் இல்லாத குழலில் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது, மரை போய்விடும்.