பங்குனியில் பால் மறந்த குட்டிக்கு என்ன போடுவது?

சைலேஜ், அதாவது பச்சைத் தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைப்பது பற்றித் தமிழில் வருகிற வீடியோக்களில் முக்கால்வாசி மாட்டுக்கானவை. பெரிய குழி, டிராக்டர் ஏற்றி மிதிப்பது, கிணற்றுப் பாசனத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிற மக்காச்சோளம், நாலு கறவை மாடு. அதெல்லாம் சரிதான். ஆனால் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டில் இருபது முப்பது வேம்பூர்ச் செம்மறி ஆடு வைத்திருக்கிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்தால் பாதி வேலைக்கு ஆகாது, மீதி குட்டியைப் படுக்க வைத்துவிடும். ஆட்டுக்குட்டிக்குச் சைலேஜ் போடுவதென்பது வேறு கணக்கு. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் மாதக் கணக்கு. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷ மழை 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டித் தீர்த்துவிடும். குட்டிகள் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி, தையில் விழுகின்றன. தாய்க்கு அப்போது மேய்ச்சல் இருக்கிறது, பால் இருக்கிறது, கொடாப்புக் கூடைக்குள் கிடக்கிற குட்டியும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பால் மறக்கிற நேரம் பங்குனி. உளுந்தும் பாசியும் எடுத்த காட்டில் கொஞ்ச நாள் மேயும், பருத்திக் காட்டில் இலையைக் கடிக்கும். சித்திரை பிறந்துவிட்டால் காட்டில் சீமைக்கருவேலம் தவிர வேறு பச்சை கிடையாது. ஆனி, ஆடி காற்றில் அதுவும் தூசி படிந்து நிற்கும். அதாவது குட்டி வளர வேண்டிய மாதங்களும் காடு காய்கிற மாதங்களும் ஒன்றாக வந்து தொலைக்கின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோவில் குட்டி அப்படியே நின்றுவிடுகிறது, தீனி இல்லை என்று சந்தைக்கு ஓட்டுகிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டுவதால் வியாபாரி சொல்கிற விலைதான். அதே குட்டியைத் தீபாவளிச் சந்தை வரை நிறுத்த முடிந்தால் என்ன விலை போகும் என்று எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு ஒருமுறை போனவர்களுக்கும் தெரியும்.

"படப்பு நிறைய தட்டை கெடக்கு, அத விட்டுட்டு பச்சையப் பைக்குள்ள போட்டு எதுக்கு அழுக வைக்கிய?" என்று எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தானியம் எடுத்த பிறகு மிஞ்சுகிற காய்ந்த சோளத் தட்டையில் புரதம் நூற்றுக்கு மூன்று நாலுதான், தண்ணீர் கிடையாது, நார் அதிகம். மாடு அரைத்துவிடும், பெரிய ஆடும் சமாளிக்கும். பால் மறந்து ஒரு மாதமான குட்டிக்கு வயிறு முட்டத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அதே சோளத்தைக் கதிர் பால் முற்றி மாவு கட்டுகிற பருவத்தில் வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி வைத்தால், தட்டையில் இருக்கிற சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் உண்டாக்குகிற பாக்டீரியா பெருகும். புளிப்பு ஏறி, அதை அளக்கிற பிஎச் 4 பக்கம் வந்துவிட்டால் காற்றுப் புகாத வரை அதற்கு மேல் எதுவும் கெடாது. சித்திரையில் பையைப் பிரித்தாலும் தையில் வெட்டிய பச்சைதான், அதன் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரோடு. தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கிற ஊரில் இதுவும் ஒரு லாபம்.

ஏன் சோளம்? மக்காச்சோளத்தில்தான் சைலேஜ் நன்றாக வரும் என்பார்கள், உண்மைதான். ஆனால் பூக்கிற நேரத்தில் பதினைந்து நாள் மழை ஏமாற்றினால் மக்காச்சோளம் முடிந்தது. 2018க்குப் பிறகு படைப்புழு வேறு. சோளம் அப்படியில்லை. வேர் ஆழம் போகும், இலையில் மெழுகுப் பூச்சு உண்டு, வறட்சி வந்தால் இலையைச் சுருட்டிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும், மழை விழுந்தால் மறுபடி கிளம்பும். கம்பும் நல்ல தேர்வுதான். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறவர்களுக்குக் கோ எஃப்எஸ் 29, கோ 31 மாதிரி வெட்ட வெட்டத் துளிர்த்து மறுதாம்பு விடுகிற தீவனச் சோளம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டவை. விதை ஏக்கருக்கு ஐந்து கிலோ போதும், முதல் வெட்டு 65 நாள் வாக்கில்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. மானாவாரியில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த சோளம், மார்கழிக் கடைசியில் மழை நின்றுவிட்டால் கதிர் பிடிக்காமல் நிற்கும். தானியத்துக்குத் தேறாது என்று தெரிந்த பிறகும் ஒரு நம்பிக்கையில் மாசி வரை விட்டுவைக்கிறோம், கடைசியில் சொத்தைக் கதிரும் சத்தில்லாத தட்டையும்தான் மிஞ்சுகிறது. தை முதல் வாரத்திலேயே மனதைத் தேற்றிக்கொண்டு அதை வெட்டிப் பையில் அடைத்துவிட்டால் அந்தப் பயிர் நட்டமே இல்லை. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நாளில் தயாராகிவிடும். குட்டி பால் மறக்கிற பங்குனிக்குப் பை ரெடி.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு விஷம் ஏறும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த சங்கதி. மழை நின்று வாடி, பிறகு ஒரு தூறலில் துளிர்த்த மறுதாம்பு இன்னும் மோசம். ஆடு உள்ளே புகுந்தால் அன்றைக்கே விழுந்துவிடும். சைலேஜ் ஆக்கினால் இந்த விஷம் கணிசமாகக் குறையும், முழுக்கப் போய்விடும் என்று நம்பிவிட வேண்டாம். அதனால் பூக்காத முழங்கால் உயரப் பயிரைப் பச்சையாகவும் போட வேண்டாம், பையிலும் அடைக்க வேண்டாம். அடைத்த பையை ஒரு மாதத்துக்கு முன்னால் பிரிக்கவும் வேண்டாம்.

அடுத்தது பை. பெரிய குழியில் மாட்டுக்கு எடுக்கிறவர் ஒரு நாளைக்கு நூறு கிலோ வெட்டி எடுப்பார், வெட்டுமுகம் தினம் தினம் புதிதாகிக்கொண்டே போகும். பத்துக் குட்டிக்கு நாளொன்றுக்கு எட்டுப் பத்து கிலோதான் செலவு. குழியைத் திறந்தால் நீங்கள் எடுப்பதற்கு முன்னால் காற்றுப் பட்டுச் சூடாகி, பூசணம் வந்துவிடும், அதிலும் சித்திரை வெயிலில். ஆட்டுக்காரருக்குக் குழி வேண்டவே வேண்டாம். உள்ளே கெட்டியான பாலித்தீன் பை, வெளியே சாக்கு, இருபது குட்டிக்கு ஐம்பது கிலோ பிடிக்கிறது. ஐந்தாறு குட்டிதான் என்றால் இருபது, இருபத்தைந்து கிலோ. ஒரு பையைப் பிரித்தால் மூன்று, நாலு நாளில் காலியாக வேண்டும், அதுதான் அளவு.

நறுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீள நறுக்கை ஆடு பொறுக்கி இலையை மட்டும் தின்றுவிட்டுத் தண்டை மிதிக்கும், போதாததற்குப் பையில் அமுங்கவும் அமுங்காது. ஈரம் பார்க்க மிஷின் வேண்டாம். நறுக்கியதை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் அரை நாள் வாட விடுங்கள். உருண்டை மெதுவாக விரிந்தால் சரியான பதம். உடனே உதிர்ந்து கொட்டினால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளித்துத்தான் அடைக்க வேண்டும். சோளத்துக்கு வெல்லம், மொலாசஸ் எதுவும் தேவையில்லை, தட்டையிலேயே இனிப்பு இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் ஏறி மிதித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் எலி. தொழில்நுட்பம் எல்லாம் சரியாக வந்து எலி ஒரு ஓட்டை போட்டால் அந்தப் பை அம்பேல். கல் பரப்பிய மேடையில், சுவரை ஒட்டாமல், எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அடுக்கினால் பாதித் தொல்லை குறையும்.

இதை விட முக்கியம் மண். தட்டையைக் காட்டில் போட்டு இழுத்து மண்ணோடு நறுக்கி அடைத்தால் லிஸ்டீரியா என்கிற கிருமி உள்ளே போகும். புளிப்பு சரியாக ஏறாத பையில் அது பெருகும். மாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டம் போடும், ஒரு காது தொங்கும், எச்சில் ஒழுகும், சில நாளில் முடிந்துவிடும். சினை ஆடு தின்றால் குட்டி வீசிவிடும். அதனால் பிரித்தவுடன் முகர்ந்து பார்ப்பது கட்டாயம். புளித்த மோர் மாதிரி வாசனை, மஞ்சள் கலந்த பச்சை நிறம் என்றால் நல்லது. கருப்பாகக் கொழகொழவென்று இருந்தாலோ, வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தாலோ, ஊசிப்போன வெண்ணெய் நாற்றம் அடித்தாலோ மேலே உள்ளதை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு மீதியைக் குட்டிக்குப் போடுகிற சிக்கனம் வேண்டாம். பையோடு குப்பைக்குழிக்கு.

சரி, குட்டிக்கு எவ்வளவு? மூன்று மாதத்துக்குள் வேண்டாம், அசைபோடுகிற வயிறு அப்போதுதான் முழுசாக வேலைக்கு வருகிறது. பிறகு முதல் நாள் ஒரு கைப்பிடி, பத்து நாளில் ஏற்றிக்கொண்டே போகலாம். பத்து கிலோ குட்டிக்கு உலர் எடையாக, அதாவது தண்ணீரைக் கழித்து, ஒரு நாளைக்கு நானூறு கிராம் வாக்கில் தீனி வேண்டும், அதில் பாதியைச் சைலேஜில் கொடுத்தால் அறுநூறு, எழுநூறு கிராம். பதினெட்டுக் கிலோவுக்கு வளரும்போது ஒரு கிலோவைத் தாண்டும். சராசரி ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் இருபது குட்டிக்கு மூன்று மாதத்துக்கு 1,800 கிலோ, ஐம்பது கிலோப் பையில் முப்பத்தாறு. மிதமான மழையிலும் அரை ஏக்கர் சோளத்தில் கிடைத்துவிடும்.

முழுத் தீனியும் சைலேஜ் என்று இறங்கினால் குட்டி வளராது. வயிறு மட்டும் தொங்கும். சோளச் சைலேஜில் புரதம் உலர் எடையில் ஆறிலிருந்து எட்டு சதவீதம், வளர்கிற குட்டி கேட்பது பதினாலு பக்கம். அந்த இடைவெளியை நிரப்பாமல் சைலேஜை மட்டும் குறை சொல்லக் கூடாது. வரப்பில் கிளைரிசிடியா, வேலி ஓரம் சூபாபுல், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் வேலிமசால். இந்தப் பயறுவகை இலைகளைத் தனியாக அடைத்தால் சைலேஜ் வராது, சர்க்கரை குறைவு, அமிலம் ஏறவும் விடாது. மூன்று பங்கு சோளத்துக்கு ஒரு பங்கு இலை என்று கலந்து அடைத்தால் நன்றாக வருகிறது. கிளைரிசிடியாவின் பச்சை நாற்றத்துக்கு முகம் திருப்புகிற குட்டியும் கலந்து புளித்ததைத் தின்றுவிடும். அதற்கும் மேலே கடலைப் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி, சித்திரை, வைகாசியில் விழுகிற சீமைக்கருவேல நெத்து கொஞ்சம். நெத்தை இடித்துப் போடுங்கள். இல்லையென்றால் விதை புழுக்கையோடு போய் அடுத்த வருஷம் காடு முழுக்க முளைக்கும். ஏற்கெனவே இருப்பது போதாதா.

சப்பாத்திக்கள்ளி போடலாமா என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிரேசிலின் வடகிழக்கு வறண்ட பகுதியில் முள்ளில்லாத கள்ளியைப் 'பால்மா' என்று லட்சக்கணக்கான ஏக்கரில் வளர்த்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிறார்கள். அங்கே பெட்ரோலினா ஊரில் இருக்கிற எம்ப்ராபா என்கிற அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வறண்ட நிலத் தீவனத்துக்கென்றே வேலை நடக்கிறது. கள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு தண்ணீர், தனியாகப் போட்டால் கழிச்சல், காய்ந்த தீவனத்தோடு சேர்த்து நறுக்கி அடைத்தால் குட்டிக்குத் தண்ணீர்ச் செலவும் குறைகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அதே பிரேசிலில் கொச்சினீல் பூச்சி ஒன்று கள்ளித் தோட்டங்களை அழித்து, அதைத் தாங்குகிற ரகங்களுக்கு மாற வேண்டி வந்தது. அந்தப் பூச்சியை நாமே 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டோம், தென்னிந்தியாவில் பரவிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிப்பதற்காக, அதுவும் ஒழித்துக் கொடுத்தது. இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டுப் பாருங்கள், ஏக்கர் கணக்கில் இறங்குவதற்கு முன் அந்தப் பூச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போன சில. சைலேஜ் குறிப்புகளில் யூரியா கலக்கச் சொல்லியிருப்பார்கள், குட்டிக்கு அடைக்கிற பையில் அது வேண்டாம். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பைச் செம்மறிக்குப் போடாதீர்கள், அதில் இருக்கிற செம்புச் சத்தே செம்மறிக்கு விஷமாகும், செம்மறிக்கென்று தனியாக விற்கிறார்கள். தீனி மாற்றுகிற காலத்தில் துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய் வரும். நேற்றுவரை கொழுகொழுவென்று நின்ற கிடாய்க்குட்டிதான் முதலில் போகும். கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசியை முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

கிடை போட்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது. ஐநூறு ஆட்டை ஓட்டிக்கொண்டு நெல் அறுத்த வயல்களைத் தேடிப் போகிற கீதாரி முப்பத்தாறு பையைத் தலையில் சுமக்க முடியாது, அவருக்குக் காலால் நடக்கிற நடையே தீவனக் கிடங்கு. ஆனால் நடக்க மாட்டாத குட்டிகளையும் அடுத்த வருஷத்துக்கென்று நிறுத்துகிற பெட்டை மறிக்குட்டிகளையும் ஊரிலேயே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் இருக்கிற பெண்கள்தான் அவற்றைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இருபது கிலோப் பை, பத்துக் குட்டி, ஒரு அரிவாள்மணை அளவுக்கு இந்த வேலையைச் சுருக்கிச் செய்ய முடியும். தட்டை நறுக்குகிற சாஃப் கட்டர் மிஷின்தான் தடை, ஊருக்கு ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கி நாள் வாடகைக்கு விட்டால் தையில் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் நறுக்கி முடிக்கலாம். எங்கள் ஊரில் யார் வீட்டில் மிஷினை வைப்பது என்கிற பேச்சு இன்னும் முடியவில்லை.