ஈமாக்ஸ் 28-இல் ஆர்க் மோட் லோட் ஆகாமல் நின்றது: எங்கே சிக்கியது, எப்படிச் சரியானது

ஈமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரின் 28-ஆம் பதிப்போடு வரும், குறிப்புகளும் பட்டியல்களும் எழுத உதவும் ஆர்க் மோட் 9.5-இல் ஒரு குறையும் இல்லை, 9.6 வந்துவிட்டதே என்ற ஆசைதான். எல்பா என்ற பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து ஏற்றிவிட்டு ஈமாக்ஸை மூடித் திறந்தால், வார்னிங்ஸ் பஃபர் முன்னால் வந்து நிற்கிறது, தீம் இல்லை, என் ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யவில்லை, கம்ப்ளீஷனும் காணோம். எல்லா பேக்கேஜும் ஒரேயடியாகக் கெட்டுவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஈமாக்ஸ் திறக்கும்போது படிக்கும் நம் அமைப்புக் கோப்பான இனிட் கோப்பு மேலிருந்து கீழே ஓடும்போது ஒரு வரியில் எரர் வந்தால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும், அதற்குக் கீழே எழுதியது எதுவும் ஈமாக்ஸுக்குத் தெரியவே தெரியாது. அதனால் காணாமல் போனதையெல்லாம் ஒவ்வொன்றாகத் துரத்தாமல், நின்ற வரியைத் தேடினேன்.

முதலில் கமாண்ட் லைனில் மைனஸ் போட்டு பெரிய எழுத்து க்யூ கொடுத்துத் திறந்தேன். இனிட் கோப்பைத் தொடாமல் வெறும் ஈமாக்ஸ் வரும். சிக்கல் இல்லை, அப்படியென்றால் கோளாறு என் பக்கத்து கோப்புகளில்தான். அப்புறம் 'யூசர்-இனிட்-ஃபைல்' என்ற மாறியின் மதிப்பைப் பார்த்தேன். வீட்டு டைரக்டரியில் டாட்-ஈமாக்ஸ் என்று ஒரு கோப்பு இருந்தால் ஈமாக்ஸ் அதைத்தான் படிக்கும், டாட்-ஈமாக்ஸ்-டி-க்குள் இருக்கும் இனிட் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இங்கே சரியான கோப்புதான் ஓடியிருந்தது.

அடுத்து 'டீபக்-இனிட்' கொடுத்துத் திறந்ததும் பேக்ட்ரேஸ், அதாவது எரர் வரை நடந்த அழைப்புகளின் பட்டியல், வந்தது. அதில் மேலே இருப்பது கடைசியாக நடந்தது. அங்கிருந்து கீழே இறங்கி, நம் இனிட் கோப்பின் பெயர் வரும் வரை படித்தால் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்துவிடும். முதல் வரியில் இருந்தது: இன்வேலிட் ஃபங்ஷன், ஆர்க்-அசர்ட்-வெர்ஷன்.

இந்த இடம்தான் சுவாரஸ்யம். அந்தப் பெயரில் இருப்பது ஃபங்ஷன் இல்லை, மேக்ரோ (கம்பைல் ஆகும்போதே வேறு கோடாக விரிந்துவிடுவது), 9.6-இல் புதிதாக வந்தது. பேக்கேஜ் மேனேஜர் இன்ஸ்டால் செய்யும்போது, ஓடிக்கொண்டிருக்கும் அதே ஈமாக்ஸுக்குள் வைத்துத்தான் கோப்புகளை பைட்-கம்பைல் செய்கிறது, அதாவது வேகமாக ஓடும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த நேரத்தில் ஏதோ ஓர் ஆர்க் கோப்பு திறந்திருந்தால் நினைவில் இருப்பது பழைய 9.5. அதற்கு இந்த மேக்ரோவைத் தெரியாது, ஆகவே விரித்து எழுதாமல் சாதாரண ஃபங்ஷன் அழைப்பு என்று நினைத்து கம்பைல் செய்துவிடுகிறது. மறுமுறை திறக்கும்போது புதிய ஆர்க் வருகிறது, அந்தப் பெயரில் மேக்ரோ இருக்கிறது, கம்பைல் ஆன கோப்போ அதை ஃபங்ஷனாகக் கூப்பிடுகிறது. இனிட் கோப்பில் எத்தனை வரியை மாற்றினாலும் இது சரியாகாது, ஏனென்றால் தவறு அங்கே இல்லை.

இன்ஸ்டால் ஆன பேக்கேஜ்கள் இருக்கும் எல்பா டைரக்டரியில் ஆர்க்-9.6 என்று தொடங்கும் ஃபோல்டரை அப்படியே நீக்கினேன். மறுபடி இனிட் கோப்பு இல்லாத வெறும் ஈமாக்ஸைத் திறந்து, எந்த ஆர்க் கோப்பையும் தொடாமல், பேக்கேஜ் பட்டியலிலிருந்து இன்ஸ்டால் செய்தேன். வழக்கம்போலத் திறந்ததும் எரர் போய்விட்டது. 'லொகேட்-லைப்ரரி' கொடுத்து ஆர்க் எந்த இடத்திலிருந்து வருகிறது என்றும் பார்த்துக்கொண்டேன், எல்பா பாதையைத்தான் காட்டியது. ஸ்ட்ரெய்ட் போன்ற வேறு மேனேஜர் வைத்திருப்பவர்கள் இனிட் கோப்பில் ஆர்க்கை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே போடுவது நல்லது, இல்லையென்றால் வேறொரு பேக்கேஜ் முந்திக்கொண்டு பழையதை இழுத்து வந்துவிடும்.

அதோடு முடியவில்லை. ஓட்டம் கீழே போனதும் அங்கே காத்திருந்தது அடுத்தது: 'கேனாட் ஓப்பன் லோட் ஃபைல்'. இனிட் கோப்பு கேட்ட ஒரு பேக்கேஜ் இறங்கவே இல்லை என்று பொருள், இது சின்ன விஷயம். மெல்பா என்ற இன்னொரு பேக்கேஜ் களஞ்சியம் பழைய பில்டுகளை வைத்திருப்பதில்லை, என்னிடம் இருந்த பட்டியலோ பழையது, அதனால் இல்லாத கோப்பைக் கேட்டு 404 ('கோப்பு இல்லை' என்ற பதில்) வாங்கியிருக்கிறது. 'பேக்கேஜ்-ரெஃப்ரெஷ்-கன்டென்ட்ஸ்' ஓட்டியதும் பேக்கேஜ் இறங்கிவிட்டது.

இப்போது மிச்சம் இருப்பது, டாக்ஸ்ட்ரிங் (கோடுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு) 80 எழுத்தைத் தாண்டுகிறது என்று, பேக்கேஜ்களை இயந்திர மொழிக்கு மாற்றும் நேட்டிவ் கம்பைலர் போடும் வார்னிங்குகள் மட்டும். அவை பேக்கேஜ் எழுதியவர்கள் பார்க்க வேண்டியவை. 'நேட்டிவ்-காம்ப்-அசிங்க்-ரிப்போர்ட்-வார்னிங்ஸ்-எரர்ஸ்' மாறிக்கு 'சைலன்ட்' என்று வைத்துவிட்டேன், பஃபரில் பதிவாகும், முன்னால் வந்து குதிக்காது.