உற்றுநோக்கல் குறிப்புகளோடு தேசிய விருதுக்கு விண்ணப்பித்தேன்

தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் நாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். குறைந்தது 10 ஆண்டு முறையான பணி வேண்டும், டியூஷன் எடுத்திருக்கக் கூடாது. தலைமையாசிரியர்களுக்கும் இடம் உண்டு. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையான நான், வகுப்பறை உற்றுநோக்கலில், அதாவது சக ஆசிரியர் பாடம் நடத்தும்போது உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுப்பதில், செய்த வேலையை முன்வைத்து விண்ணப்பித்தேன்.

படிவம் நிரப்புவது பெரிய வேலையில்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துதான் யோசனை வந்தது. ஒரு சிறு பகுதி, ஆவணம் பார்த்துப் போடுவது: பணி மதிப்பீட்டு அறிக்கை, பயிற்சிகள், மாணவர் சேர்க்கை, கடைசி 5 ஆண்டில் வெளியான கட்டுரை, நூல். மீதி பெரும்பகுதி, செய்து காட்டிய வேலைக்கு. மரம் நட்டால் போட்டோ இருக்கும். சக ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்ததை யார் போட்டோ எடுப்பார்கள்?

என்னிடம் இருந்தது நோட்டுதான். ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடம். டீச்சர் கேள்வி கேட்பார், ஒரு நொடி போவதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். நாம் எல்லாரும் செய்வதுதான். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். 3 நொடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள் என்று எழுதினார். நான் டீச்சரிடம் எந்தக் கருத்தும் சொல்லவில்லை. கேள்விவாரியாகக் குறித்த நொடிக் கணக்கை மட்டும் காட்டினேன். "இவ்வளவு அவசரமாவா மேடம் பேசுறேன்?" என்று அவரே கேட்டார். அப்புறம் மனதுக்குள் மூன்று எண்ணும் வரை வாயைத் திறப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சில வாரம் கழித்து அதே வகுப்பில் மறுபடி குறித்த தாளில், பதில் சொன்னவர்கள் வரிசையில் முதல் தாளில் இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன.

இந்த இரண்டு தாள்களையும், இருவரும் சேர்ந்து எழுதி ஆய்விதழில் வெளியான கட்டுரையையும் பதிவேற்றினேன். மாவட்டக் குழு கோப்பைச் சரிபார்த்தபோது ஒருவர் கேட்டார்: "பாடம் நடத்தினது அந்த டீச்சர். விருது உங்களுக்கா?" நியாயமான கேள்வி. பாடம் நடத்திக்கொண்டே அவரால் கவனிக்க முடியாததைக் குறித்துக் கொடுத்தது என் வேலை, மாற்றிக்கொண்டது அவர், அதனால்தான் கட்டுரையில் அவர் பெயர் முதலில் இருக்கிறது என்றேன்.

மாவட்டத்திலிருந்து போகும் 3 பெயர்களில் என் பெயர் இருந்தது, மாநிலப் பட்டியலில் இல்லை. சரி, அது போகட்டும். எனக்கு உறுத்துவது வேறொன்று. கல்வி நிர்வாகிகளும் ஆய்வு அலுவலர்களும் பயிற்சி நிறுவனத்தினரும் இந்த விருதுக்குத் தகுதியில்லை என்கிறது விதி. "நல்லா நடத்தினார்னு எழுதாதீங்க, என்ன நடந்ததுன்னு எழுதுங்க" என்று எனக்குக் குறிப்பெடுக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வட்டாரக் கல்வி அலுவலர். அவர் விண்ணப்பிக்கவே முடியாது.

விண்ணப்பிக்க நினைக்கும் தலைமையாசிரியர்கள் உற்றுநோக்கல் குறிப்புகளைத் தேதியோடு, அந்த ஆசிரியரின் கையெழுத்தோடு இப்போதே சேர்த்து வையுங்கள். கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது.