வண்டி இழுக்கவில்லையா? வெளியே போகிற வழியையும் பாருங்கள்

என்னுடையது 2007 மாடல் பெட்ரோல் கார். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.டி.ஓ.வில் மறுபதிவும் ஆகிவிட்டது. பெங்களூருக்குள் ஓட்டும்வரை குறை எதுவும் தெரியவில்லை. சில்க் போர்டு நெரிசலில் எந்த வண்டிதான் இழுக்கிறது? ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏற்றத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. லோடு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. இத்தனைக்கும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங்கில் நடுக்கம் இல்லை, செக் என்ஜின் விளக்கும் எரியவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மச்சான், "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்கல்ல, அதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இப்போது எல்லாக் கோளாறுக்கும் எத்தனாலைக் கைகாட்டுவது வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் அடிவாங்கும். ஆனால் ஏற்றமே ஏறாத அளவுக்கு இழுவை போகாது.

வீட்டுக்குப் பக்கத்து சர்வீஸ் சென்டரில் கிளட்ச் செட், பெட்ரோல் பம்ப் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். எதையும் கழற்றிப் பார்க்காமலே. கிளட்ச் வழுக்கினால் ஆர்.பி.எம். முள் எகிறும், வண்டி மட்டும் நகராது. என் வண்டியில் முள்ளே ஏறவில்லை. அப்புறம் கிளட்ச் எதற்கு? பிரேக் பிடித்துக்கொண்டு இழுக்கிறதா என்று நானே பார்த்துவிட்டேன். கொஞ்ச தூரம் ஓட்டி, சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் தாராளமாக உருள்கிறது. எந்தச் சக்கரமும் சுடவில்லை. ஆக, குறை என்ஜின் பக்கம்தான்.

சிவாஜி நகரில் பழைய வண்டிகளையே பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். நம்மிடம் தமிழ், பக்கத்துக் கடைக்காரரிடம் உருது, ட்ராஃபிக் போலீஸிடம் கன்னடம். ஸ்கேனரை அவர் எடுக்கவே இல்லை. ஸ்கேனர் படிக்கிற ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துக் குறித்துவைக்கும் ஏற்பாடு, கட்டாயமானது 2010-இல் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோதுதான். என் வண்டியில் ஆக்சிஜன் சென்சாரே ஒன்றுதான், அதுவும் சைலன்ஸர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால். பின்னால் என்ன நடக்கிறது என்று வண்டிக்கே தெரியாது.

ஏர் ஃபில்டர் சுத்தம். நாலு பிளக்கும் வெளிர் பழுப்பு, அதாவது பெட்ரோல் சரியாக எரிகிறது. பெட்ரோல் பிரஷர் மூன்று பாருக்கு மேல், ரேஸ் பண்ணினாலும் இறங்கவில்லை. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், நாலு சிலிண்டரிலும் 160 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வந்தது. "180 வரணுமே பாய்?" என்றேன். "அது மெட்ராஸ் கணக்கு சார்."

அவர் சொன்னது சரிதான். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. டர்போ இல்லாத என்ஜின் அந்த அளவுக்கு சக்தியையும் இழக்கும், கேஜில் தெரியும் எண்ணும் குறையும். என்ஜின் காற்றை உறிஞ்சுவதை அளக்கும் வேக்யூம் கேஜும் அப்படித்தான்: சென்னையில் 18 அங்குலம் காட்டுவது இங்கே 15 காட்டினால் அது கோளாறு இல்லை. இது தெரியாமல் புத்தக அளவோடு ஒப்பிட்டு, நல்ல என்ஜினைப் பிரித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து பாய் அந்த வேக்யூம் கேஜை, என்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினார். ஐடிலில் முள் 16-இல் ஆடாமல் நின்றது. ஆக்சிலரேட்டரை 2500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கச் சொன்னார். முள் 17-ஐத் தொட்டது. பிறகு அவசரமே இல்லாமல் இறங்க ஆரம்பித்தது: 15, 13, 11. நான் காலை எடுக்கவில்லை, ஆனாலும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. "உள்ள இழுக்குறது நல்லாத்தான் இருக்கு சார், வெளிய விடத்தான் வழி இல்ல" என்றார். மூச்சை இழுக்கவிட்டு, விடும்போது வாயைப் பொத்தின கதை. ஐடிலில் புகை கொஞ்சம்தான், எப்படியோ கசிந்து போய்விடும். வேகம் கூடும்போது பழைய புகை சிலிண்டரிலேயே தங்கி, புதுக் காற்றுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறது.

அதோடு விடாமல், ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜைப் பொருத்தினார். 2500-இல் மூன்று பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாத அழுத்தம் எட்டைத் தொட்டது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கன்வெர்ட்டரை இறக்கிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். தேனடைபோல் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்க வேண்டிய பீங்கான் அடை, முக்கால்வாசிப் பரப்பில் உருகி, பழுப்பாகப் பளபளத்துக்கொண்டு மூடியிருந்தது. ஓரமாகப் பிறைபோல் கொஞ்சம் இடம்தான் திறந்திருந்தது.

முந்தைய வருடம், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்று பழுதாகி மாற்றியிருந்தோம். அது திணறிய நாட்களில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கிறது. அந்தச் சூட்டில் அடை உருகிவிட்டது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் போய்விடும் என்று, பாய் ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டராக மறுபடி பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்கு வந்தார்.

உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டுவது பலர் செய்வது. செலவே இல்லை. ஆனால் அது சட்டப்படி தப்பு, புகை நாற்றமும் தாங்காது. எமிஷன் டெஸ்ட்டில் ஏமாற்றுவதற்காகவா இத்தனை வருடம் வண்டியைப் பார்த்துக்கொண்டோம்? ஒரிஜினல் விலையைக் கேட்டால் வண்டியையே விற்றுவிடலாம் போலிருந்தது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் வேறு கம்பெனி உருப்படியைப் பிடித்தோம். பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். பழையதைச் சும்மா விட்டுவிட்டும் வராதீர்கள்: உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது, அதற்கென்றே ஆள் வந்து வாங்கிப் போகிறார்கள். பாய் நேர்மையாக அந்தத் தொகையைக் கூலியில் கழித்துக்கொண்டார்.

புது கேஸ்கெட்டோடு மாட்டி மறுபடி கேஜ் வைத்தோம். 2500-இல் 18, முள் அசையவில்லை. ஹெப்பால் மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறிப் பார்த்தோம். நடுவில் மிதித்தபோதும் வேகம் கூடியது. ஜே.சி. ரோட்டிலேயே ஒரு வேக்யூம் கேஜும் வாங்கி, வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது காட்டிய இந்த எண்களை அதன் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி டிக்கியில் போட்டிருக்கிறேன்.