ஒலாஜுவானின் அட்டையும் ஈரக்காற்றும்

தீபாவளிக்குக் கிடைத்த அங் பாவ் பணத்தையெல்லாம் சேர்த்து வீரர்களின் படம் அச்சிட்ட கூடைப்பந்து அட்டைகள் ஒரு பெட்டி வாங்கப் போவதாக என் தங்கை மகன் சொன்னான். "பிரித்துப் பார்த்தால் பெரிய விலை போகும் அட்டை ஒன்று விழும், மாமா" என்றான். பெட்டி பிரிப்பதன் மகிழ்ச்சியை நான் அறிவேன்; ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் இருக்கும் அட்டைகளைத் தனித்தனியே விற்றால் பெட்டியின் விலைகூடத் தேறாது என்பதையும் பணம் கொடுத்தே கற்றேன். ஆகவே அவனை உட்காரவைத்து, அலமாரியிலிருந்து முன்னாள் கூடைப்பந்து நட்சத்திரம் ஹக்கீம் ஒலாஜுவானின் அறிமுக அட்டையை, அதாவது அவர் ஆட வந்த தொடக்கக் காலத்து அட்டையை, எடுத்துக் காட்டினேன்.

அது ஃப்ளீர் நிறுவனம் 1986-87 பருவத்துக்கு அச்சிட்ட 132 அட்டைகளில் ஒன்று. பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். அட்டைகளின் தரத்தை மதிப்பிடும் பிஎஸ்ஏ நிறுவனம் அதற்குப் பத்துக்கு 7 புள்ளி தந்திருந்தது. சிவப்பும் நீலமுமான அதன் ஓரத்தில், இடது கீழ்முனையில், உப்புக்கல் அளவுக்கு மை உதிர்ந்து வெள்ளை தெரிகிறது. படமும் ஒரு பக்கமாகச் சற்றே ஒதுங்கியிருக்கிறது. வண்ண ஓரம் கொண்ட அட்டைகளில் இந்தச் சிறு உதிர்வு உடனே கண்ணில் படும். மைக்கேல் ஜோர்டானின் புகழ்பெற்ற 57ஆம் எண் அட்டையும் இதே தொகுப்பில் வந்ததுதான். மற்ற அட்டைகளைவிட அதைக் குறைவாக அச்சிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பிஎஸ்ஏ மட்டுமே இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளை மதிப்பிட்டிருக்க, அவற்றில் முழு 10 புள்ளி பெற்றவை முந்நூற்றுச் சொச்சம்தான். படம் நடுவில் அமைந்த ஒழுங்கு, முனை, விளிம்பு, மேற்பரப்பு ஆகிய நான்கிலும் குறையில்லாமல் தப்பிவந்த அந்தச் சிலவற்றுக்குத்தான் அத்தனை விலை.

அந்த விலையும் நிலையாக நிற்பதில்லை. 2021 ஜனவரியில் 10 புள்ளி பெற்ற ஜோர்டான் அட்டை ஒன்று 7,38,000 அமெரிக்க வெள்ளிக்கு ஏலம் போனது. பின்னர் அதே தரத்து அட்டை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கைமாறியது. ஆடி முடித்துப் புகழ் நிலைத்துவிட்ட ஜோர்டானுக்கே இந்த நிலை என்றால், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துக் குழுக்கள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் தேர்வாக எடுக்கப்பட்ட சயன் வில்லியம்சனின் அட்டைகளை அன்று எல்லாரும் தேடி ஓடினார்கள், நானும் ஓடினேன். முதல் பருவத்தில் 24 ஆட்டங்களே ஆடிய அவர், காயத்தால் 2021-22 பருவம் முழுவதும் களமிறங்கவில்லை. நான் கொடுத்த பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு சேகரிப்பவருக்குக் கூடுதல் செலவுகள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் கட்டணத்தோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இணையக் கொள்முதலுக்கும் அந்த வரி வந்துவிட்டது. விற்கும்போது லாபம் என்று கணக்குப் போடுவோர் இதையெல்லாம் முதலிலேயே கழித்துக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய பகை நம் ஊர்க் காற்று. பளபளப்பான படலம் ஒட்டிய அட்டைகளைச் சாமான் அறையில் காலணிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது அத்தனையும் வாழை மட்டைபோல் வளைந்திருந்தன. உள்ளே இருக்கும் காகிதம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, மேலே உள்ள படலம் விரிவதில்லை. அதனால்தான் அந்த வளைவு. இப்போது கேமரா வைக்கும் டிரை கேபினெட் ஒன்றில், ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி வைத்துப் பாதுகாக்கிறேன். மிகவும் உலர்த்தினாலும் அட்டை எதிர்ப்பக்கம் வளையும் என்பதால் ஈரமானியின் முள்ளை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.

மருமகன் பெட்டி வாங்கவில்லை. டிம் டங்கனின் 1997-98 அறிமுக அட்டைகளில் ஒன்றைத் தேடிப் பிடித்தான். ஐந்து முறை என்பிஏ வாகை சூடி 2016இல் ஓய்வுபெற்றவர் அவர். விற்றவரிடமிருந்து வாங்குமுன், நான் கொடுத்த பூதக்கண்ணாடியை வைத்து நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பின்பு போலி அட்டையா என்று அறிய அதைத் திருப்பி, பின்புறத்துச் சிறு எழுத்துகள் புள்ளிகளாகச் சிதறாமல் கெட்டியான கோடுகளாக இருக்கின்றனவா என்றும் பார்த்தான். அதை நான் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தேன்.