மூன்றாவது கட்டுக் கொத்தமல்லி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் என் கணவர் கட்டைப்பையும் மஞ்சப்பையுமாக சேலம் அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குப் புறப்பட்டுவிடுவார். அதற்கு முந்தைய இரவில் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து இடம் உண்டாக்கி வைப்பது என் வேலை. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது, காய்கறித் தட்டின் அடியிலிருந்து மூன்று கட்டுக் கொத்தமல்லி வெளியே வந்தது. ஒரு கட்டு வாடியிருந்தது; ஒன்று மஞ்சள் பூத்திருந்தது; மூன்றாவது உறைக்குள்ளேயே கறுத்து நீர்விட்டு, இன்னதென்று மணத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்னும் நிலையில் இருந்தது. மூன்றும் அடுத்தடுத்த மூன்று வாரங்களில் வாங்கியவை. ஒவ்வொரு வாரமும் வீட்டில் கொத்தமல்லி இல்லை என்று நாங்கள் உறுதியாக நம்பியிருக்கிறோம்.

கூடத்தில் அமர்ந்திருந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதையுங் காசு குடுத்துத்தான வாங்குனீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வாரம் பெங்களூருவிலிருந்து மகன் பேசியபோது இதைச் சிரிப்பாகச் சொன்னேன். அவன் ஜூன் மாதம்தான் வேலைக்குச் சேர்ந்து அங்கே போயிருந்தான். "அதுக்கெல்லாம் ஆப் இருக்கும்மா" என்றவன், பேச்சு முடிவதற்குள் ஒரு செயலியின் இணைப்பை அனுப்பிவிட்டான்.

நான் பள்ளியில் கணக்கு நடத்துபவள். எதையும் எண்ணிப் பார்த்தால்தான் மனம் ஒப்பும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே வந்ததாகவும், இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ வீணாவதாகவும் மதிப்பிடுகிறது. எங்கள் வீட்டில் இப்போது நான்கு பேர். அந்தக் கணக்குப்படி 220 கிலோ. வாழைப்பழத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, மீன் முள் போன்ற உண்ண இயலாதவையும் அந்த எண்ணுக்குள் அடங்கும் என்பதால் அதைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் தோலையும் சக்கையையும் கழித்துவிட்டால் எங்கள் வீட்டுக் கணக்கு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

மகன் அனுப்பிய செயலி பார்கோடை வைத்து இயங்குவது. பொட்டலத்தைக் கைபேசியின் முன் காட்டினால் பொருளின் பெயர் பட்டியலில் ஏறிவிடும். காலாவதி நாள் நெருங்கும்போது அறிவிப்பு வரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் நாளே ஓர் உண்மை தெரிந்தது. பொட்டலத்தின் மேலிருக்கும் அந்தப் 13 இலக்கங்கள் இது இன்ன பொருள் என்பதை மட்டுமே சொல்கின்றன. இந்தியாவில் பதிவு செய்துகொண்ட நிறுவனங்களின் எண் 890 என்று தொடங்கும் என்பதைக்கூட அப்போதுதான் கவனித்தேன். ஆனால் அந்த எண்ணுக்குள் தயாரித்த நாளும் கிடையாது, கெடும் நாளும் கிடையாது. அவற்றை நாம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறையின் மடிப்பில் மங்கலாக அச்சாகியிருக்கும் எழுத்தைத் தேடிப் படித்து, கையால் தட்ட வேண்டும். தேதியையும் உள்ளடக்கும் சதுர வடிவக் குறிகளை 2027-ஆம் ஆண்டு இறுதிக்குள் உலகெங்கும் உள்ள கடைகளின் கல்லாக்கள் படிக்கத் தயாராகிவிட வேண்டும் என்று, பார்கோடு முறையை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. எங்கள் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைக்கு அது வந்து சேரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையில் அந்தக் கடையில் நாங்கள் வாங்குபவற்றில் பாதிக்கு எந்தக் குறியும் இல்லை. துவரம்பருப்பு, மல்லி, மிளகாய், புளி எல்லாம் எடை போட்டுக் கட்டிக் கொடுப்பவை. சந்தைக் காய்க்கும் கீரைக்கும் சொல்லவே வேண்டாம். பார்கோடு உள்ள பிஸ்கட்டும் சேமியாவும் எங்கள் வீட்டில் வீணாவதில்லை. வீணாகும் கொத்தமல்லிக்குப் பார்கோடு இல்லை. கையால் சேர்க்கலாம் என்று பார்த்தால், அந்தச் செயலியில் ஆர்டிசோக் என்னும் மேல்நாட்டுக் காய்க்கு அழகான படம் இருந்தது, அகத்திக்கீரைக்குப் பெயர்கூட இல்லை. 'கீரை' என்று பொதுவாகப் போட்டதற்கு அதுவாகவே ஏழு நாள் ஆயுள் கொடுத்தது. சித்திரை வெயிலில் சந்தையிலிருந்து வீடு வருவதற்குள் துவண்டுவிடும் சிறுகீரைக்கு ஏழு நாள்!

இன்னொரு சிக்கல், பொட்டலத்தில் இருக்கும் இரண்டு வகை நாள்களும் அதற்கு ஒன்றாகவே தெரிந்தன. 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகளின்படி, காலாவதி நாளை அச்சிடுவது கட்டாயம். 'இந்த நாளுக்குள் பயன்படுத்தினால் சிறப்பு' என்பதை நிறுவனம் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். முன்னது, அதற்குப் பிறகு உண்ணக் கூடாது என்னும் எல்லை. பின்னது, மணமும் சுவையும் குறையத் தொடங்கும் நாள். செயலி இரண்டையும் ஒரே சிவப்பில் காட்டியதால், சலித்து வறுத்தால் உப்புமாவுக்கு ஆகியிருக்கும் ஒரு கிலோ ரவையை என் கணவர் குப்பையில் கொட்டிவிட்டார். வீணாவதைத் தடுக்க வந்தது வீணாக்கக் கற்றுக்கொடுத்த கதையாயிற்று. இதற்கிடையே காலை ஐந்தரை மணிக்கு, குக்கரும் பால் பாத்திரமும் அடுப்பில் இருக்கும் நேரத்தில், பதினாறு பதினேழு அறிவிப்புகள் வரிசைகட்டி வரும். மூன்றாவது வாரம் அவற்றின் வாயை அடைத்தேன். ஐந்தாவது வாரம் செயலியையே நீக்கிவிட்டேன்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அந்தச் செயலியில் ஒரு பொருளைப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது 'பயன்படுத்தியது', 'எறிந்தது' என்று கேட்கும் ஒரு கேள்வி மட்டும் மனத்தில் நின்றுவிட்டது. கைபேசியில் ஏற்கெனவே இருந்த கூகுள் கீப் குறிப்பேட்டில் இரண்டு பட்டியல்களை உண்டாக்கி, கணவரோடும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் பகிர்ந்துகொண்டேன். ஒன்றின் பெயர் 'வாங்க'. மற்றதன் பெயர் 'வீண்'. யார் எதை எறிந்தாலும் பொருளின் பெயர், தோராயமான அளவு, ஒரே சொல்லில் காரணம் ஆகியவற்றை அதில் எழுதிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. என் கணவர் முதல் மூன்று வாரம் எதையுமே எழுதவில்லை, எறிந்தாரே தவிர. மகள் பாகற்காய்ப் பொரியலுக்கு நேரே 'பிடிக்கவில்லை' என்று நேர்மையாக எழுதினாள்.

பத்து வாரம் சென்றபின் அமர்ந்து கூட்டிப் பார்த்தேன். எண்ணிக்கையில் கொத்தமல்லி, புதினா, கீரை ஆகியவையே முன்னால் நின்றன. எடையில் முன்னால் நின்றது இட்லி மாவு, அடுத்தது சாம்பார். மீந்த சோற்றில் அத்தை நீரூற்றி வைத்து மறுநாள் மோரும் சின்ன வெங்காயமுமாக முடித்துவிடுவதால் சோறு பட்டியலிலேயே இல்லை. காரணங்களில் 'மறந்தது' என்பதே மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஏனெனில் செயலிகள் எல்லாம் நம் மறதிக்கு மருந்தாகத்தான் தம்மை விற்கின்றன. ஆனால் அதைப்போல் இரு மடங்கு இருந்தது 'அதிகம்' என்னும் சொல். மாவு வெள்ளிக்கிழமைதோறும் எறியப்பட்டிருந்தது. ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எட்டு ஆழாக்கு அரிசிக்கு இரண்டு ஆழாக்கு உளுந்து போட்டு அரைக்கிறேன். வியாழக்கிழமைக்குள் அது பணியாரத்துக்கும் ஆகாத அளவு புளித்துவிடுகிறது. எட்டு ஆழாக்கு என்பது யாருக்கான அளவு என்று யோசித்தபோதுதான் உறைத்தது. இரவில் ஆறு தோசை சாப்பிடுபவன் ஜூன் மாதமே ஊரை விட்டுப் போய்விட்டான். அளவு மட்டும் இங்கேயே இருந்துவிட்டது. மாவு, சாம்பாருக்கான பருப்பு, தக்காளி, பால் என்று எல்லாவற்றையும் என் கை அவனுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது ஐந்து ஆழாக்குதான் அரைக்கிறேன். புதன்கிழமையோடு முடிந்துவிடுகிறது.

கொத்தமல்லியின் கதை வேறு. உழவர் சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்துவிடுவார்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்த காலத்திலிருந்தே, இடைத்தரகர் இல்லாமல் உழவரே அறிவித்த விலைக்கு விற்பது என்பதுதான் ஏற்பாடு. ஆகவே அங்கே பேரம் பேச இடமில்லை. பேரம் பேசி மிச்சம் பிடிக்காமல் வீடு திரும்ப என் கணவருக்கு மனம் வராது. வெளியே வந்ததும் வாசலில் தள்ளுவண்டிக்காரர், "ஒரு கட்டு பத்து, மூணு இருபது" என்பார். மிச்சமான பத்து ரூபாயும் மீதமான இரண்டு கட்டுமாக வீட்டுக்கு வருவார். பட்டியலில் 'கொத்தமல்லி 1' என்று எண்ணோடு எழுதத் தொடங்கிய பிறகுதான் இது குறைந்தது. வெறும் பெயரை எழுதினால் அது வாங்குவதற்கான அனுமதி. எண்ணையும் எழுதினால்தான் அளவு.

இதே நோய் எனக்கும் உண்டு, வேறு வடிவத்தில். வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு செயலியில், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் விநியோகக் கட்டணம் இல்லை என்று வரும். முப்பது ரூபாய்க் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக எழுபது ரூபாய்க்கு ரொட்டியும் பனீரும் சேர்ப்பேன். 'வீண்' பட்டியலில் ரொட்டி நான்கு முறை இருந்தது, நான்கும் என் கையெழுத்து. சமையலறைக்கென்று வரும் செயலிகளில் பல நம்மை அதிகமாக வாங்கவைக்கத்தான் உழைக்கின்றன என்பது என் எண்ணம். அந்தச் செயலியை இப்போது பட்டியலைப் பார்த்த பிறகே திறக்கிறேன்.

நாம் வாங்காமலே வந்து சேருபவையும் உண்டு. வைகாசியில் ஒரு கூடை மல்கோவா வந்தால், மாம்பழமே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு ஒன்றையொன்று முடுக்கிவிட, நான்கே நாளில் கூடை முழுவதும் ஒரேயடியாகப் பழுத்துவிடும். ஏற்காட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து இறக்கும் பட்டர் ஃப்ரூட்டும் பலாவும் அப்படியே. மீந்த உணவை அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ள 2015-இல் பிரிட்டனில் ஓலியோ என்றொரு செயலி தொடங்கப்பட்டது. எங்கள் தெருவுக்கு அந்த வேலையைச் செய்வது, தண்ணீர் வரும் நேரத்தை அறிவிப்பதற்காக உண்டாக்கிய வாட்ஸ்அப் குழு. 'மல்கோவா பழுத்திருக்கிறது, பாத்திரம் வேண்டாம், ஆள் வந்தால் போதும்' என்று சென்ற ஆண்டு எழுதினேன். அன்று மாலைக்குள் கூடை காலியாகி, அதில் எதிர்வீட்டு எலுமிச்சை ஊறுகாய் வந்து அமர்ந்திருந்தது.

'வீண்' பட்டியலை இப்போதும் எழுதிவருகிறோம். சென்ற மாதம் அதில் ஏழு வரிகள்தான். அத்தைக்குக் கைபேசியில் எழுத வராது என்பதால், "கருவேப்பில ஒரு கொத்து காஞ்சுருச்சு, போட்டுக்க கண்ணு" என்று வாயால் சொல்லிவிடுவார், நான் பதிந்துகொள்வேன்.

சென்ற வாரம் மகன் மூன்று நாள் விடுப்பில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பட்டியலைத் திறந்தேன். இரவோடு இரவாக என் கணவர் அதைத் திருத்தியிருந்தார்: தக்காளி 3 கிலோ, பால் 2 லிட்டர், கொத்தமல்லி 3. நான் எதையும் மாற்றவில்லை. அதற்கு முந்தைய மாலையே, யாரும் சொல்லாமல், நானும் எட்டு ஆழாக்கு ஊறப்போட்டிருந்தேன். திங்கட்கிழமை இரவு அவனைப் புதிய பேருந்து நிலையத்தில் வண்டி ஏற்றிவிட்டு வந்தபோது, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அத்தை மூன்றாவது கட்டுக் கொத்தமல்லியைத் துவையலுக்கு ஆய்ந்துகொண்டிருந்தார்.