கவுன்ட்டர் காட்டும் ஆழம்

மார்ச் 3
காற்று. இன்றும் படகை இறக்கவில்லை.

மார்ச் 4
டவுன்ரிக்கருக்கு, அதாவது குண்டு கட்டி இரையை ஆழத்துக்கு இறக்கும் படகுச் சுருளுக்கு, எஃகுக் கம்பிதான் என்கிறான் தம்பி. 150 பவுண்டு தாங்குமாம், பாறையில் உரசினாலும் சட்டென்று அறாதாம். சரிதான். ஆனால் ஓடும்போது அது போடும் ரீங்காரம் எனக்குப் பல்லைக் கூசவைக்கும். ஓர் இடத்தில் மடங்கிவிட்டால் அதுவரை வெட்டி எறிய வேண்டும். பிரிந்த இழை விரலைக் கிழிக்கும். பின்னிய நூலான பிரெய்டுக்குச் சத்தமில்லை, மெல்லிசு, தண்ணீர் பின்னால் தள்ளுவதும் குறைவு. நாளை சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 6
சொன்னேன். "உன் இஷ்டம்ணே" என்று போனை வைத்துவிட்டான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 7
தூக்கம் வரவில்லை. டவுன்ரிக்கரின் கவுன்ட்டர் 30 மீட்டர் காட்டும், குண்டு அங்கே இருக்காது. அது சொல்வது வெளியே போன நூலின் நீளம், அவ்வளவுதான். படகு நகர நகர குண்டு பின்னால் சாயும். 30 டிகிரி சாய்ந்தால் ஆழம் 26 மீட்டர், 45 என்றால் 21. நூல் வளையாமல் நேராக நின்றால் வரும் கணக்கு இது, அதுவும் நிற்காது. மீனுக்கு மேலே 4 மீட்டரில் இரையை இழுத்துக்கொண்டு, மீனே இல்லை என்று கடலைத் திட்டுவோம். 8 பவுண்டு குண்டு போதாது. வேகம் இரட்டித்தால் நீரின் இழுப்பு நான்கு மடங்கு. குண்டின் எடை கூடுமா என்ன? 12 தான். டவுன்ரிக்கரின் கை தாங்க வேண்டுமே. அலையில் படகு குதிக்கும்போது 12 வெறும் 12 ஆக இருக்காது.

மார்ச் 8
காற்று.

மார்ச் 10
நூல் சுற்றும் ஸ்பூலின் அடியில் தங்கூசி (நைலான் நூல்), அதன்மேல் பிரெய்டு. வெறும் ஸ்பூலில் சுற்றினால் பிரெய்டு வழுக்கும். ஸ்பூல் நிரம்பாவிட்டால் ஒரு சுற்றுக்கு வெளியேறும் நூலும் குறையும், கவுன்ட்டருக்கோ சுற்றைத் தவிர வேறொன்றும் தெரியாது. தரையில் நீட்டி 10 மீட்டருக்கு ஒன்றாக மை வைத்தேன். இனி மைதான் கணக்கு.
முனையில் பலோமர் முடிச்சு, முறுக்கு விழாமல் சுழலி. ஸ்பூலைப் பிடித்து நிறுத்தும் கிளட்ச் தளர்வாகவே இருக்கட்டும். குண்டு அடியில் சிக்கினால் நூல் போகட்டும், படகைச் சாய்க்க வேண்டாம்.

மார்ச் 11
தம்பி குண்டு கொண்டுவந்தான். வினைல் பூசியது, நேராக ஓட வால் துடுப்பு வைத்தது. 10 பவுண்டு. 12 என்றுதான் கேட்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12
காற்று விட்டுக்கொடுக்கிறது. வேகத்தைக் குறைத்தால் 10 போதும். அவன் ஓட்டினால் குறைக்க மாட்டான். 4 மணிக்குக் கிளம்பலாம் என்கிறான். இரை நூலைப் பிடித்து, மீன் கடித்ததும் விடும் ரிலீஸ் கிளிப் எவ்வளவு இறுக்கம் என்று இன்னும் பார்க்கவில்லை